வடிவமும் எழுத்தும்: கணினித் திரையில் கோடும் நிறமும் வந்த வரலாறு



கணினியில் ஒரு வடிவத்தை வரைந்து, அதைத் திருத்தி, அதற்கு நிறமூட்டுவது இன்று தொடக்கப்பள்ளி மாணவரும் செய்யும் செயல். சுட்டியை இழுத்தால் வட்டம் தோன்றுகின்றது. வாளி போன்ற குறியைத் தேர்ந்து வட்டத்தினுள் சொடுக்கினால் நிறம் நிரம்புகின்றது. செயல் எளிதாக இருப்பதால் அதற்கு ஒரு வரலாறு உண்டு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றில் தமிழர்க்கும் தமிழ் எழுத்துக்கும் பங்குண்டு என்பதை எண்ணுவோர் அதனினும் குறைவு.

மொழிக்கென அமைந்த மேடையில் ஓவிய மென்பொருளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். தமிழ் எழுத்து அத்தகைய மென்பொருளுக்குள் நுழைந்த பின்னர் எழுத்தாகவே நிற்கின்றதா, வெறும் வடிவமாக மாறிவிடுகின்றதா என்னும் சிக்கல் இன்னும் நம்மிடையே இருக்கின்றது. பள்ளி மலர்கள், கோயில் அழைப்பிதழ்கள், தெருப் பதாகைகள் ஆகிய அனைத்திலும் அதன் விளைவைக் காண்கின்றோம். ஆகவே கோடும் நிறமும் திரைக்கு வந்த வழியை முதலிலும், அவ்வழியில் நம் எழுத்து அடைந்த நிலையை அடுத்தும் இவ்வுரை ஆராய்கின்றது.

புள்ளி, கோடு, நிறம்

கோலமிடும் முறை நாம் அறிந்ததே. முதலில் புள்ளிகள், அடுத்து அவற்றை இணைத்தோ சுற்றியோ செல்லும் கோடு, விழா நாளாயின் இறுதியில் நிறம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீட்டு வாசலில் இடப்பட்ட கோலமும், இன்று தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் நிறமேற்றிய அரிசியால் இடப்படும் கோலமும் இந்த வரிசையை மாற்றுவதில்லை. கோடு மூடிய பின்னரே நிறம் உள்ளே வருகின்றது. கோட்டில் இடைவெளி இருப்பின் எது உள், எது வெளி என்று துணிய இயலாது.

இந்த எளிய முறைக்குள் ஆழ்ந்த கணிதம் இருப்பதைக் கணினியியல் உலகிற்கு எடுத்துக்காட்டியவர்கள் சென்னையை அடுத்த தாம்பரத்தில் இருந்தனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியாரும் கணினிக் கோட்பாட்டறிஞருமான ராணி சிரோமணி, அவர்களுடன் ஆய்வு செய்த கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கணினி வரைவியலுக்கும் படச் செயலாக்கத்துக்கும் உரிய பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். கணினி வரைவியல் என்னும் துறை தோன்றி அப்போது ஏறத்தாழப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன.

சொற்றொடரைச் சொற்களாகப் பகுத்து, அவை ஒன்றையொன்று தொடரும் முறைக்கு விதி கூறுவது இலக்கணம். சொற்கள் ஒரே வரிசையில் செல்பவை. படமோ நீளமும் அகலமும் உடையது. இரு திசையிலும் பரந்து நிற்கும் குறிகளுக்கும் இலக்கணம் வகுக்க முடியுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. முடியும் என்பதற்குக் கோலம் சான்றாயிற்று. சிறு கோலம் ஒன்றிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலம் வளரும் முறையைச் சில மாற்று விதிகளால் முழுமையாகச் சொல்லிவிடலாம் என அவர்கள் காட்டினர். 'படமொழிகள்' என்னும் ஆய்வுத்துறையில் கோலம் இவ்வாறு நிலையான எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. கிப்ட் சிரோமணி அத்துடன் நில்லாது, அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி கண்டறியும் முறையையும் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1978இல் கட்டுரை வெளியிட்டார்.

இவ்வாய்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுண்டு. தரையில் காண்பது வடிவம். கோலமிடுபவரின் நினைவில் இருப்பது விதி. தரையிலுள்ள வடிவம் மாலைக்குள் கலைந்துவிடும். விதி நினைவில் இருக்கும்வரை, மறுநாள் அதே கோலத்தை வேறு அளவில், வேறு நிறத்தில் மீண்டும் இடலாம். வடிவம் வேறு, வடிவத்தை ஆக்கும் விதி வேறு என்னும் இந்த வேறுபாடு இவ்வுரை முழுவதும் நம்முடன் வரும்.

கல்லின்மேல் நிறப்பிரிப்பு

கோலத்தில் நிறத்தைக் கை இடுகின்றது. அச்சில் ஒரே படத்தை ஆயிரக்கணக்கில் பெருக்க வேண்டுமாயின், ஒவ்வொரு நிறத்தையும் தனியே பிரித்தாக வேண்டும். கல்லச்சு முறையை 1796இல் பவேரிய நாட்டு அலோய்ஸ் செனபெல்டர் கண்டறிந்தார். பின்னர், நிறத்திற்கு ஒரு கல் என்னும் முறையில் பல வண்ணக் கல்லச்சு வளர்ந்தது. மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என ஒரே தாள் பலமுறை அச்சேறும். ஓவியத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த நிறம் எவ்வளவு அடர்த்தியாக விழ வேண்டும் என்று கணித்து, அக்கல்லின்மேல் புள்ளி புள்ளியாக வரைவது கைவினைஞரின் வேலை.

இரவி வர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை எளியோர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வ ஓவியங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகப் பரவின. முருகனும் இலக்குமியும் மீனாட்சியும் கடல் கடந்த தமிழர் வீடுகளிலும் அவ்வாறே குடிபுகுந்தனர். நாட்காட்டியின் ஆண்டு முடிந்த பின்னும் படத்தை வெட்டிச் சட்டமிட்டு வணங்கிய குடும்பங்கள் நம்மிடையே பல.

இன்றைய ஆப்செட் அச்சிலும் இம்முறையே நிலைத்துள்ளது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் நான்கு தகடுகள் உண்டு. கணினிப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் அவ்வாறே தனித்தனியே காக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள் எனக் கொண்டால் மூன்றும் சேர்ந்து 16,777,216 நிறங்களைத் தரும். ஓவிய மென்பொருளில் மாணவர் 'அடுக்கு' என்று அழைக்கும் வசதியும் இந்தக் கல்லச்சு மரபுக்கு நெருங்கிய உறவுடையது. ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாதிருக்க வேண்டும் என்பதே இரண்டின் நோக்கமும்.

திரையில் வந்த கோடு

கணினித் திரையில் நேரடியாக வரைந்து திருத்தும் முறைக்கு வழிகாட்டியவர் ஐவன் சதர்லாண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் தம் முனைவர் பட்டத்திற்காக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை அவர் ஆக்கினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம்; வரைந்த இரு கோடுகளையும் இணைகோடுகளாக இருக்கச் செய் என்று கட்டளையிடலாம்; ஒரு மூல வடிவத்திலிருந்து பல படிகளை உண்டாக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் அனைத்தும் தாமே திருந்தும். அதில் நிறம் இல்லை. ஆயினும் திரையில் தெரிந்த கோட்டிற்குப் பின்னால் அதன் விதியைக் கணினி நினைவில் வைத்திருந்தது. கோலமிடுபவர் செய்வதும் அதுவே.

நேர்கோட்டை இரு முனைகளால் சொல்லிவிடலாம். வளைகோட்டை எவ்வாறு சொல்வது? இதற்கான விடை மகிழுந்துத் தொழிலிலிருந்து வந்தது. பிரான்சு நாட்டில் சித்ரோயன் நிறுவனத்தைச் சேர்ந்த பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தைச் சேர்ந்த பியேர் பெசியேயும் தனித்தனியே ஒரே தீர்வை அடைந்தனர். மகிழுந்தின் உடல் வளைவைத் துல்லியமாகக் குறிக்க நான்கு புள்ளிகள் போதும். முதலும் கடையும் கோட்டின்மேல் நிற்கும். இடையிலுள்ள இரண்டும் கோட்டிற்கு வெளியே நின்று அதைத் தம் பக்கம் இழுக்கும். இன்று மாணவர் ஒரு கணுவைத் தொட்டு அதன் கைப்பிடியை இழுத்து வளைவை மாற்றும்போது இந்தக் கணக்கையே கையாள்கின்றார். பெசியேயின் பெயரால் அவ்வளைகோடுகள் அழைக்கப்படுகின்றன.

அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இவ்வளைகோடுகளை அச்சுலகிற்குள் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் இல்லஸ்டிரேட்டர் 1987இலும், கனடா நாட்டின் கோரல்டிரா 1989இலும் வெளிவந்தன. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் அழைப்பிதழ், பதாகை, நூல் அட்டை ஆகியவற்றை வடிவமைத்தோர் கோரல்டிராவை நெடுங்காலம் கைக்கொண்டனர்.

வாளியும் விளிம்பும்

நிறமூட்டல் வேறொரு வழியில் வளர்ந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ரிச்சர்டு ஷூப் என்பார் 1973இல் 'சூப்பர்பெயிண்ட்' என்னும் அமைப்பை உருவாக்கினார். திரையின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் உரிய நிற எண்ணைத் தனியொரு நினைவகத்தில் வைத்து, தூரிகை பட்ட இடத்தில் அவ்வெண்ணை மாற்றுவது அதன் முறை. 1984இல் மெக்கிண்டாஷ் கணினியுடன் வந்த 'மேக்பெயிண்ட்' இம்முறையைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. நிரலை ஆக்கியவர் பில் அட்கின்சன். அதன் குறிப்படங்களை வரைந்தவர் சூசன் கேர். கறுப்பும் வெள்ளையுமே இருந்த திரையில், நிறத்திற்கு மாற்றாகப் பலவகைப் புள்ளிக் கோலங்களை வாளியால் ஊற்றினர். அன்று வந்த வாளிக் குறியே சிற்சில மாற்றங்களுடன் இன்றைய மென்பொருள்களிலும் நின்று வருகின்றது.

வாளி எவ்வாறு வேலை செய்கின்றது? நாம் சொடுக்கிய படப்புள்ளியின் நிறத்தை அது குறித்துக்கொள்கின்றது. மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு அண்டைப் புள்ளிகளையும் நோக்கி, அதே நிறமுடையவற்றைப் புதிய நிறத்திற்கு மாற்றுகின்றது. அவ்வாறு மாறிய ஒவ்வொன்றின் அண்டையையும் நோக்குகின்றது. வேறு நிறம் எதிர்ப்படும்வரை இது தொடரும். கோட்டில் ஒரு புள்ளியளவு இடைவெளி இருந்தாலும் நிறம் அதன் வழியே கசிந்து தாள் முழுவதும் பரவிவிடும். வரப்பு உடைந்த வயலில் நீர் நில்லாதது போன்றது அது.

பேராக்கில் பிறந்து ஈப்போவில் பயின்ற கேலிச்சித்திரக் கலைஞர் லாட், 1979இல் வெளியிட்ட தம் சிற்றூர் வாழ்க்கை நூலைக் கறுப்பு மைக்கோடுகளாலேயே படைத்தார். கலைஞரின் கை எல்லாக் கோடுகளையும் மூடிவிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. காண்பவரின் கண் அவற்றை மூடிக்கொள்ளும். வாளிக்கு அந்தக் கண் இல்லை. கையால் வரைந்த படத்தை ஒளிவருடி வழியே கணினிக்குள் கொண்டுவரும் மாணவர், நிறமூட்டுமுன் கோடுகளின் இடைவெளிகளை மூட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

நிறமூட்டிய பின்னர்க் கோட்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு எஞ்சுவதையும் மாணவர் கண்டிருப்பர். படிபோல் தெரியும் விளிம்பை மென்மையாக்கக் கறுப்பிற்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் புள்ளிகளைக் கணினி ஓரத்தில் இடுகின்றது. அவை வெள்ளையும் அல்ல, கறுப்பும் அல்ல. ஆதலால் வாளி அவற்றைத் தொடாது விட்டுவிடுகின்றது. இச்சிக்கலுக்கு ஆல்வி ரே ஸ்மித் 1979இல் ஒரு தீர்வு முன்வைத்தார். இன்றைய மென்பொருள்களில் 'ஏற்பளவு' என்னும் எண்ணைக் கூட்டினால், நிறத்தில் சற்று மாறுபட்ட புள்ளிகளையும் வாளி ஏற்கும். கோட்டை ஓர் அடுக்கிலும் நிறத்தை அதன் கீழ் அடுக்கிலும் வைத்து, நிறத்தைக் கோட்டிற்கு அடியில் சிறிதளவு நீட்டிவிடுவது இன்னொரு வழி. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளில் அடுக்கு வசதி சேர்ந்தது 1994இல்தான்.

இருவகை உருக்கள்

இதுவரை கூறியவற்றிலிருந்து கணினிப் படம் இருவகைப்படும் என அறியலாம். ஒன்று படப்புள்ளி உரு. எந்தப் புள்ளியில் எந்த நிறம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வட்டம் வரைந்த பின்னர் அங்கே வட்டம் ஒன்று இருப்பதை அது அறியாது. மற்றொன்று கோட்டுரு. கணுக்கள் எங்கே, வளைவு எத்தகையது, உள்ளே எந்த நிறம் என்னும் விதிகளை அது வைத்திருக்கும். அதனால் பெரிதாக்கினாலும் சிதையாது. நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றலாம். வளைவை நாளையும் திருத்தலாம்.

கோட்டுருவில் உள், வெளி என்பதைத் துணிவதற்கும் விதி உண்டு. ஒரு புள்ளியிலிருந்து வெளிநோக்கி நேர்கோடு ஒன்றை இழுத்து, அது எல்லைக் கோட்டை எத்தனை முறை வெட்டுகின்றது என எண்ணுவது ஒரு வழி. ஒற்றைப்படையாயின் புள்ளி உள்ளே இருக்கின்றது. இரட்டைப்படையாயின் வெளியே இருக்கின்றது. சிக்குக் கோலம் ஒன்றைத் தாளில் வரைந்து இதனை மாணவர் சோதித்துப் பார்க்கலாம். கணினி தேவையில்லை.

இவ்விருவகையில் எது சிறந்தது என்னும் வாதம் பயனற்றது. ஒளிப்படத்திற்கும் தூரிகை ஓவியத்திற்கும் படப்புள்ளி உரு வேண்டும். சின்னத்திற்கும் வரைபடத்திற்கும் எழுத்திற்கும் கோட்டுரு வேண்டும். எழுத்து என்று சொன்னவுடன் நம் மொழிக்குரிய சிக்கல் தொடங்குகின்றது.

எழுத்தின் உருவம் எழுத்தாகாது

தமிழ் எழுத்தின் உருவம் காலந்தோறும் திருத்தம் பெற்று வந்துள்ளது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு நெடிலினின்று வேறுபடுத்தும் வழக்கைத் தொல்காப்பியம் கூறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு உருவம் தந்து அவ்வழக்கை மாற்றினார். 1935இல் பெரியார் தம் ஏட்டில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய துதிக்கை வடிவம் மறைந்து, ஐகாரக் குறி அனைத்திற்கும் ஒன்றாயிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் அச்சீர்மையைப் பின்பற்றின.

உருவம் மாறியும் எழுத்து மாறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பாட்டி துதிக்கையுடன் எழுதிய 'னை'யும் பெயர்த்தி இன்று எழுதும் 'னை'யும் ஒரே எழுத்து. ஒலியாலும் மொழியில் அது பெறும் இடத்தாலும் எழுத்து எழுத்தாகின்றது. உருவம் அதற்கு இட்ட உடை. கோலத்தின் விதியும் தரையிலுள்ள வடிவமும் வேறு என்று முன்னர்க் கூறியது இங்கும் பொருந்தும்.

கணினிக்குத் தமிழ் வந்தபோது உருவமே முந்தியது. எழுத்துரு என்பது எழுத்துகளின் கோட்டுருக்களைத் தொகுத்து வைத்த கோப்பு. மூன்றுசுழி ணகரமும் இரண்டுசுழி னகரமும் அதில் கணுக்களும் வளைகோடுகளுமாக இருக்கும். அவ்வெல்லைக்குள் கறுப்பு நிரப்பப்பட்டால் திரையில் எழுத்து தெரியும். நாம் வாசிக்கும் ஒவ்வோர் எழுத்தும் நிறமூட்டிய வடிவமே. தொடக்கத்தில் செய்யப்பட்ட தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தன. கணினியின் நினைவில் இருந்தது ஆங்கில எழுத்து. திரையில் தெரிந்தது தமிழ் உருவம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையை வகுத்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின.

'கொ' என்னும் எழுத்தைச் சான்றாகக் கொள்வோம். கண்ணுக்கு அது மூன்று உருவம்: கொம்பு, ககரம், கால். பழைய எழுத்துருக்களில் அம்மூன்றையும் இடமிருந்து வலமாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கினர். செய்ததை ஓவியம் என்றே சொல்ல வேண்டும். மொழிக்கோ அது ககர மெய்யும் ஒகர உயிரும் சேர்ந்த ஓர் உயிர்மெய். ஒருங்குறி இந்த இரண்டாம் நோக்கைக் கொண்டது. அதில் ககரத்தை அடுத்து ஒகரக் குறி வரும். கொம்பை ககரத்திற்கு முன்னும் காலைப் பின்னும் வைத்துக் காட்டும் வேலையை எழுத்துருவும் மென்பொருளும் ஏற்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் பல ஆயின.

அந்த இடைக்காலத்தில் தமிழை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் தமிழ்நாட்டில் மட்டுமன்றி நம் பகுதியிலும் நடந்தன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்கு முன்னோடியாக உழைத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1999இல் சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டிற்கும் தரம் வகுத்தது. உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவை வரைந்தவர் முத்து நெடுமாறனே. தமிழுக்கு மட்டுமன்றிப் பிற இந்திய மொழிகளுக்கும் தென்கிழக்காசிய மொழிகள் சிலவற்றிற்கும் அவர் வரைந்த எழுத்துருக்கள் அக்கணினிகளில் உள்ளன. மலேசியத் தமிழர் ஒருவர் இழுத்த கணுக்களும் வளைகோடுகளும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன.

நாம் இழந்தது

ஒருங்குறி பரவிய பின்னரும் ஓவிய மென்பொருள்கள் பல அதன் தமிழ் விதிகளைப் பின்பற்றாமலே நெடுநாள் இருந்தன. தமிழைப் படியெடுத்து ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும்; புள்ளி தனித்து விலகும். தமிழறிந்தவர் அதைக் கண்டு திருத்துவார். தமிழறியாத வடிவமைப்பாளர்க்கு எல்லாம் உருவமே. எது முன், எது பின் என்பது அவருக்குத் தெரியாது. பொது இடங்களில் சிதைந்த தமிழைக் காணும்போது நாம் சினம் கொள்கின்றோம். எழுத்தை உருவமாக மட்டும் நடத்தியதன் விளைவு அது என்பதை உணர்ந்தால் சினத்தைவிடப் பயனுள்ளதைச் செய்யலாம்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. எழுத்துருச் சிக்கலுக்கு அஞ்சிய வடிவமைப்பாளர்கள், அச்சகத்திற்கு அனுப்புமுன் எழுத்துகள் அனைத்தையும் வளைகோடுகளாக மாற்றினர். அச்சில் பிழை நேராதிருக்க அது நல்ல வழியே. அவ்வாறு மாற்றிய நொடியில் 'தோட்டம்' என்னும் சொல் சில வளைகோடுகளாகிவிடும். அதைத் தேட முடியாது, திருத்த முடியாது, பார்வையற்றோர்க்குக் கணினி அதை வாசித்துக் காட்ட முடியாது. மூலக் கோப்பு காக்கப்படாவிட்டால் எஞ்சுவது தமிழின் படம் மட்டுமே.

இந்த இழப்பு பேராக்கிற்குப் பெரிது. சித்தியவான், ஆயர் தாவார், லுமுட், பந்தாய் ரெமிஸ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்தனர். பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம் தந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்ட மக்களின் பெயர்களையும் அவர்கள் கட்டிய கோயிலையும் எழுப்பிய பள்ளியையும் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பள்ளி ஆண்டு மலர்களிலும் குடமுழுக்கு மலர்களிலும் சங்க விழா மலர்களிலும் உள்ளது. பழைய எழுத்துருக்கள் ஆட்சி செய்த காலத்தில் கணினியில் கோத்த மலர்கள் பலவற்றின் கோப்புகளை இன்று திறந்தால் தமிழ் தெரிவதில்லை. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். வளைகோடுகளாக மாறியிருந்தால் அச்சுப்படியை ஒளிவருடி, எழுத்துணரி மென்பொருளால் மீட்டு, ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அச்சுப்படியும் கரையானுக்கு இரையாயின் மீட்க வழியில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களே, இவ்வரலாறு காட்சிக்கலைப் பாடத்திற்கும் தமிழ்ப் பாடத்திற்கும் பொதுவானது. இரு பாட ஆசிரியர்களும் சேர்ந்து செய்யத்தக்க சிலவற்றைக் கூறுகின்றேன்.

மாணவர் ஒரு கோலத்தை இருமுறை கணினியில் வரையட்டும். முதன்முறை படப்புள்ளி உருவாக வரைந்து வாளியால் நிறம் ஊற்றட்டும். அடுத்த முறை கோட்டுருவாக வரைந்து நிறம் கொடுக்கட்டும். இரண்டையும் நான்கு மடங்கு பெரிதாக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். விதியைக் காத்த உருவுக்கும் காக்காத உருவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே சொல்வர். 1996இல் வெளிவந்த கிம்ப், 2003இல் தோன்றிய இங்க்ஸ்கேப் ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். பள்ளிக்கு அவற்றால் செலவில்லை.

பள்ளி மலருக்கோ பதாகைக்கோ தமிழைச் சேர்க்கும்போது ஒருங்குறி எழுத்துருவையே கையாளும் பழக்கம் வேண்டும். எழுத்தின் நிறத்தையும் விளிம்பையும் நிழலையும் விரும்பியவாறு அழகு செய்யலாம். எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். அச்சகம் வளைகோடாக்கிய கோப்பைக் கேட்டால், படி ஒன்றை எடுத்து அப்படியை மட்டும் மாற்றித் தருக. மூலக் கோப்பைத் தனியே, ஆண்டும் தலைப்பும் இட்டுக் காத்து வைக்க வேண்டும். கட்டுரைகளை வடிவமைப்பின்றி வெறும் உரைக் கோப்பாகவும் சேமிப்பது மிக எளிய காப்புமுறை.

முடிந்த கோப்பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் அது எழுத்து. சிதைந்தாலோ வராவிட்டாலோ அது படம். அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனையை மாணவரே செய்யலாம்.

கலைச்சொற்களையும் மாணவர் வாயில் பழக்க வேண்டும். அடுக்கு, கணு, கைப்பிடி, விளிம்பு, நிரப்பு, ஏற்பளவு என்னும் சொற்கள் கடினமானவை அல்ல. கரும்பிலும் மூங்கிலிலும் கண்ட கணுவை வளைகோட்டிலும் காணும் மாணவர்க்கு அக்கருவி உடனே விளங்கும். கட்டற்ற மென்பொருள்களின் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள் தமிழாக்கி வருகின்றனர்; வகுப்பறையில் புழங்கிய சொல்லே அங்கும் நிலைபெறும்.

இறுதியாக, ஒவ்வொரு பள்ளியும் தன்னிடமுள்ள பழைய மலர்களின் பட்டியலை இவ்வாண்டே எழுதத் தொடங்கலாம். எந்த மலருக்குக் கோப்பு உண்டு, எதற்கு அச்சுப்படி மட்டும் உண்டு, எந்த எழுத்துரு என்னும் மூன்று குறிப்புகள் போதும். மீட்கும் பணி அப்பட்டியலிலிருந்து தொடங்கும். தாம்பரத்துப் பேராசிரியர்கள் வாசலில் இட்ட கோலத்திற்குள் இலக்கணத்தைக் கண்டார்கள். நம் அலமாரிகளிலுள்ள தமிழின் படங்களுக்குள் தமிழைக் கண்டெடுப்பது நம் கடமை. அதற்கான கருவிகள் இன்று நம் மாணவர் கையிலேயே உள்ளன.